பூக்காரம்மா சொன்ன போட்டோ பாடம்!
இருட்டில் படம் எடுக்கப் போன வாலிபரின் அனுபவம்

சென்னை:–

கல்யாண வரவேற்பில் எடுத்த படங்கள் கலங்கிப் போனதால் கூலியைப் பறிகொடுத்தார் ஒரு வாலிபர். இருட்டில் படம் எடுக்க அவர் கற்றுக்கொண்ட இடம் மயிலாப்பூர் மாட வீதி. முக்கியமான பாடத்தைச் சொன்னவர் யார் தெரியுமா? ஒரு பூக்காரம்மா!

சென்னையில் காமிராவும் கையுமாகக் கூட்டமாக நடந்து படம் எடுப்பது இப்போது சகஜம். விடிகாலை என்றால் காசிமேடு, பொழுது சாய்ந்தால் மயிலாப்பூர். அனுபவசாலி ஒருவர் கூடவே நடந்து சொல்லிக் கொடுப்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமை மாலை கபாலீசுவரர் கோவில் குளக்கரையில் 12 பேர் கூடினார்கள். அதில் ஒருவர்தான் இந்த வாலிபர். வயது 23. பகலில் ஸ்கூட்டர் மெக்கானிக். கையில் இரவல் காமிரா. அடுத்த வாரம் இன்னொரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தார்.

"இதுவும் சொதப்பினா அவ்ளோதான் சார்" என்று பயிற்சியாளரிடம் புலம்பினார்.

கை நடுக்கம்

சூரியன் மறைந்ததும் கொஞ்ச நேரம் வானம் கருநீலமாக இருக்கும். அதற்குள் குளத்தை எடுக்கச் சொன்னார் பயிற்சியாளர். வாலிபரின் படம் மறுபடியும் கலங்கியது.

"வெளிச்சம் குறைஞ்சா ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கணும். அந்த நேரத்துல கை நடுங்கினா அதுவும் படத்துல விழும்" என்றார் பயிற்சியாளர். காமிராவைச் சுவர்மேல் வைத்து எடுத்ததும் படம் பளிச்சென்று வந்தது.

ஐ.எஸ்.ஓ.வை 400-ல் இருந்து 1600-க்கு ஏற்றினால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நாலில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எப்.1.8 லென்ஸ் இருந்தால் எப்.5.6-ஐவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

"அதுக்குக் காசு?" என்று கேட்டார் வாலிபர். எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னா தம்பி?"

மாட வீதியில் பல்பு வெளிச்சத்தில் ஓர் அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார். வாலிபர் பிளாஷைத் தட்டினார். பூக்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எகிறினார்.

"இன்னா தம்பி, கேக்காம கொள்ளாம மூஞ்சில வெளிச்சம் அடிக்கிறே? கண்ணு கூசுதில்ல!"

வாலிபர் வெலவெலத்துப் போனார். பிளாஷை அணைத்தார். "மன்னிச்சுக்கம்மா. ஒரே ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கெஞ்சினார்.

"இத மொதல்லயே கேட்டிருந்தா இன்னாவாம்?" என்றார் அந்த அம்மா. நிமிர்ந்து, அசையாமல் உட்கார்ந்தார். கை மட்டும் பூவைத் தொடுத்துக்கொண்டே இருந்தது.

வாலிபர் முட்டிபோட்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சைப் பிடித்தார். ஷட்டர் திறந்திருந்த நேரம் ஒரு வினாடியில் 15-ல் ஒரு பங்கு. முகம் தெளிவாக விழுந்தது. விரல்கள் மட்டும் மங்கலாக ஓடின.

"பாத்தியா? கேட்டுட்டு எடுத்தா ஆள் அசைய மாட்டாங்க. இருட்டுல பாதி வேலை அதுதான்" என்றார் பயிற்சியாளர்.

கூலி கிடைத்தது

அடுத்த வாரக் கல்யாணத்தில், "ஒரு நொடி அப்படியே நில்லுங்க" என்று மணமக்களைக் கேட்டுக் கேட்டு எடுத்தார் வாலிபர். படங்கள் தப்பின. கூலி முழுசாகக் கைக்கு வந்தது.

மறுநாளே பூக்காரம்மாவின் படத்தைப் பிரிண்டு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூஞ்சி நல்லாத்தான் கீது. வெரலு எங்கப்பா?" என்று கேட்டாரே பார்க்கலாம்!