மோதிப் பிரியும் இரு பாதைகள்

கேரம் பலகையில் ஓடிவரும் காயொன்று, அசையாது கிடக்கும் மற்றொரு காயின் விளிம்பில் மோதுகிறது. இரண்டும் இருபுறமாக விலகுகின்றன. அவற்றின் வேகங்களைக் கணக்கிட, மோதிய கணத்தில் எழுந்த விசையை நாம் அறிய வேண்டுவதில்லை. நிறையை வேகத்தால் பெருக்கி வருவது உந்தம். வெளிவிசை குறுக்கிடாதவரை மொத்த உந்தம் மாறுவதில்லை. பலகையின் உராய்வோ அச்சிறு கணத்தில் பொருட்படுத்தத் தக்கதன்று.

ஆனால் உந்தத்திற்குத் திசையுண்டு. அதை மறந்து வேகங்களை வெறுமனே கூட்டிவிடுவதே மாணவர் பலர் செய்யும் பிழை. காய் வந்த திசையில் ஒரு கோடும், அதற்குச் செங்குத்தாக மற்றொரு கோடும் வரைந்து, ஒவ்வொன்றிற்கும் தனிக் கணக்கு எழுதுவோம். முதற் காய் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து, மோதியபின் 30 பாகை விலகுகிறது. மற்றது எதிர்ப்புறம் 60 பாகை விலகுகிறது எனக் கொள்வோம். நிறைகள் சமமாதலால் அவற்றை விட்டுவிடலாம். முன்னோக்கிய பங்குகள் சேர்ந்து 4 ஆக வேண்டும். குறுக்குத் திசையில் முதலில் உந்தமே இல்லை, ஆகவே அங்கே இரு பங்குகளும் ஒன்றையொன்று நீக்க வேண்டும். விடை: முதற் காய்க்கு ஏறக்குறைய 3.46, மற்றதற்கு 2. முன்னோக்கிய பங்குகள் 3, 1. குறுக்கே இருபுறமும் 1.73.

30-ம் 60-ம் சேர்ந்து செங்கோணம் ஆவதைக் கவனிக்க. சம நிறையுள்ள பொருள்கள், ஒன்று நின்றிருக்க மற்றது ஓரமாக மோதி, இயக்க ஆற்றல் குறையாது பிரிந்தால் எப்போதும் செங்கோணமே அமையும். (மெய்யான காய்கள் சிறிது ஆற்றலை இழப்பதால் கோணம் சற்றுக் குறையும்.) நின்றது இலேசானதாயின் கோணம் குறுகும், கனத்ததாயின் விரியும்.

கண்ணுக்குப் புலனாகாத அணுக்கருவையும் இக்கோணத்தால் எடைபோடலாம். துகள் சென்ற வழியை நீர்த்துளிக் கோடாகக் காட்டும் முகிற்கூடத்தில் ஆல்பாத் துகள்களைச் செலுத்தினால், ஹீலியத்தில் மோதிய தடம் செங்கோணமாகக் கிளைக்கிறது. ஆல்பாத் துகள் ஹீலியத்தின் கருவே அன்றோ! நைட்ரஜனில் ஆல்பா மோதும்போது புரோட்டான் வெளிப்படுவதை ரதர்போர்டு 1919-இல் அறிவித்தார். மோதிய ஆல்பா என்னவாயிற்று என்பது அப்போது தெரியவில்லை. கேம்பிரிட்ஜில் பிளாக்கெட் ஏறத்தாழ 23,000 படங்கள் எடுத்தார். அவற்றிலிருந்த நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட தடங்களில் எட்டு மட்டும் விந்தையானவை. 1925-இல் அவர் வெளியிட்ட அவ்வெட்டிலும் கிளைகள் இரண்டே: மெல்லிய புரோட்டான் தடம், கருவின் குறுகிய தடம். வந்த தடமும் இவ்விரண்டும் ஒரே தளத்தில் அமைந்திருந்தன. மூன்றாவது துகள் ஒன்று மறைவாக உந்தத்தைக் கொண்டு சென்றிருந்தால் எட்டிலும் அவ்வாறு அமைவது அரிது. ஆகவே ஆல்பா கருவிலேயே தங்கிவிட்டது. 14-உடன் 4 சேர்ந்து 1 நீங்க, எஞ்சியது 17 நிறையெண்ணுள்ள ஆக்சிஜன்.