மார்ட்டின் விஸ்ஸரின் பிரம்பு நாற்காலி
மாடல் எஸ்இசட் 01, 1960கள். எஃகு, பிரம்பு.
தயாரிப்பு: ஸ்பெக்ட்ரம், பெர்கைக், நெதர்லாந்து.

முதலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எடையைத் தாங்குவது மெல்லிய எஃகுச் சட்டம். உடம்பைத் தாங்குவது பின்னிய பிரம்பு. மெத்தை, செதுக்கல், மறைப்பு எதுவும் இல்லை. எது எதைத் தாங்குகிறது என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்பதே அக்கால டச்சு வடிவமைப்பாளர்களின் பிடிவாதம்.

மார்ட்டின் விஸ்ஸர் (1922–2009) ஆம்ஸ்டர்டாமின் பையன்கோர்ஃப் பல்பொருள் அங்காடியில் அறைக்கலன் பிரிவைக் கவனித்தவர். மக்கள் எதை வாங்குகிறார்கள் என்பதை அங்கே கண்ணெதிரே பார்த்துவிட்டு, 1954இல் ஸ்பெக்ட்ரமின் வடிவமைப்புத் தலைவரானார். அந்த நிறுவனம் 1941இல், போர்க்கால நூல் தட்டுப்பாட்டில், டி ப்ளூக் நெசவாலையின் கிளையாகப் பிறந்தது. விஸ்ஸரின் சோபா-கட்டில் இன்றும் விற்பனையில் உள்ளது.

ஆனால் கலையுலகம் அவரை நாற்காலிக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கவில்லை. சால் லெவிட், அன்செல்ம் கீஃபர் போன்ற கலைஞர்களின் படைப்புகளை மற்றவர்கள் தயங்கிய காலத்திலேயே வாங்கிச் சேர்த்தார். பெர்கைக்கில் அவர் வீட்டை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்ட். பின்னர் அதை விரிவாக்கியவர் ஆல்டோ வான் ஐக். 1978 முதல் 1983 வரை விஸ்ஸர் ரோட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தில் நவீன கலையின் தலைமைக் காப்பாட்சியராக இருந்தார். அவரது சேகரிப்பின் பெரும்பகுதியை இன்று ஆட்டர்லோவில் உள்ள க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

தயவுசெய்து உட்கார வேண்டாம். காய்ந்த பிரம்பு எளிதில் முறியும்.