பாரம் சுமந்தவை – 7: சட்டத்தில் குத்திய எண்

பழைய லாரியை அடையாளம் காண வருகிறவர்கள் முதலில் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பானெட், கிரில், ஹெட்லைட். கார் என்றால் அது போதும். நம் ஊர் லாரிக்குப் போதாது. அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து வெளியே வந்தது பெரும்பாலும் சேஸிஸ் மட்டும்தான்: இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், சக்கரங்கள், முன்னால் ஒரு தகர முகப்பு. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலும் மழையும் முகத்தில் அடிக்க, திறந்த சேஸிஸை ஓட்டி வருவார். கேபினும் பாடியும் கட்டியது நம் ஆசாரிகளும் டிங்கர்களும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகள் பேர் வாங்கியது அப்படித்தான். ஒரே வருடத்தில், ஒரே ஆலையில் பிறந்த இரண்டு லாரிகள் அண்ணன் தம்பி என்று சொல்ல முடியாதபடி இருக்கும்.

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் சாலைப் பக்கம் ஒரு பழைய கிட்டங்கிக்குப் பின்னால் வேலிக்கருவைக்குள் நின்ற லாரியைப் பற்றிச் சென்ற வாரம் சொன்னேன். இந்தப் பக்கத்தில் அதற்குப் ‘பென்ஸ் வண்டி’ என்றே பேர். கிரில்லில் மூன்று கால் ஸ்டார் இருக்கிறது. டாடாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது 1954-ல். ஒப்பந்தம் 15 வருடம். 1969-ல் அது முடிந்ததும் ஸ்டார் போய், டாடாவின் ‘டி’ வந்தது. ஆகவே ஸ்டார் இருந்தால் 1969-க்கு முந்திய வண்டி என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கை நம்ப முடியாது. ஸ்டாருக்கு இருந்த மவுசில், பிறகு வாங்கிய வண்டிகளிலும் அதை மாட்டியவர்கள் நிறைய. உடைந்த கிரில்லுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் பொருத்தியவர்களும் உண்டு.

முகத்தை விட்டுவிட்டுக் கீழே போக வேண்டும். மெக்கானிக் அண்ணாச்சி முதலில் கையில் எடுத்தது ஸ்பேனர். போல்ட்டில் எம்.எம். ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால் ஜெர்மன் வழி. இஞ்சு ஸ்பேனர் உட்கார்ந்தால் இங்கிலீஷ் வழி. எண்ணூரில் 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு லேலண்ட் காமெட் லாரிக்குத் திரும்பியது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அந்தப் பழைய காமெட்டுகளெல்லாம் இஞ்சு கணக்கு. அதன் இன்ஜின் பேரான ‘350’ கூடக் கன அங்குலத்தில் சொன்ன கொள்ளளவுதான். நம் வண்டியில் முன் ஆக்சில் யு-போல்ட்டிலிருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் எம்.எம். சரியாகப் பிடித்தது.

அடுத்தது சேஸ் நம்பர். முன் பக்கம் சட்டத்தில் குத்தியிருக்கும். அதன்மேல் பல வருடத்துக் கிரீஸ், கரிசல் மண், ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பெயின்ட். கிரைண்டரை வைத்து ஒரே இழுப்பில் சுத்தம் பண்ணிவிடலாம் என்று வண்டிக்குச் சொந்தக்காரத் தம்பி அவசரப்பட்டார். அண்ணாச்சி கையைப் பிடித்துவிட்டார். “தம்பி, அது போச்சுன்னா வண்டியே போச்சு. நம்பரைத் தேச்ச வண்டின்னு ஆர்.டி.ஓ. ஆபீசுல ஒரு வார்த்தை சொன்னா அப்புறம் யாரு பதில் சொல்றது?” மண்ணெண்ணெயில் நனைத்த துணியை இரவெல்லாம் சுற்றி வைத்தார். காலையில் பெயின்ட் ரிமூவரைத் தடவி, மரச்சீவலால் மெதுவாகச் சுரண்டினார். எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டு உரசியதும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இன்சூரன்ஸ்காரர் ‘சேஸ் பிரின்ட்’ எடுக்கும் அதே முறை. பழைய ஆர்.சி. புத்தகத்தில் ‘எம்’ எழுத்தில் தொடங்கும் மதராஸ் காலத்துப் பதிவு எண்ணுக்குக் கீழே இருந்த சேஸ் நம்பரும் இதுவும் ஒத்துப்போயின. சட்டம் ஸ்டார் காலத்துச் சட்டம்தான்.

இன்ஜின் வேறு கதை சொன்னது. ஆரம்பகாலப் பென்ஸ் இன்ஜினில் டீசல் முதலில் ஹெட்டில் உள்ள சிறு அறைக்குள் எரியும். அதைச் சூடாக்க சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக் இருக்கும். பம்பின் பின்னால் தோல் டயாப்ரம் வைத்த கவர்னர் இருக்கும். அந்தத் தோல் கிழிந்தால் இன்ஜின் பிடிபடாமல் கத்தும். இந்த வண்டியில் ஹீட்டர் பிளக்குக்குத் துளையே இல்லை. பின்னாளில் வந்த டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினை யாரோ இறக்கியிருக்கிறார்கள்.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. பழைய இன்ஜினைத் தேடிப் பிடித்து மாட்டிவிடலாம் என்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். லாரி என்பது பாரம் ஏற்றிப் பிழைத்த வண்டி. பஞ்சுப் பொதியும் மிளகாய் மூட்டையும் புளியங்குடி எலுமிச்சையும் தேங்காமல் போய்ச் சேரத்தான் முதலாளி கடன் வாங்கி இன்ஜினை மாற்றியிருப்பார். அந்த மாற்றமும் இதன் வரலாறுதான். ஷோரூமிலிருந்து வந்த நாளுக்கே திருப்பிக்கொண்டு போனால், இது உழைத்த காலம் முழுவதையும் அழித்துவிடுவோம்.

இன்ஜின் ஜாம் ஆகியிருந்தது. இப்படிப்பட்ட வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பது பெரிய தப்பு. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அண்ணாச்சி இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி ஊறவிட்டார். பிறகு பிளைவீல் பல்லில் கடப்பாரையைக் கொடுத்து முன்னும் பின்னுமாக மயிரிழை மயிரிழையாக அசைத்தார். அசைந்தது. ஹெட்டைப் பிரித்தபோது இரண்டு சிலிண்டரில் துருத் தழும்பு. லைனர் மாற்றியாக வேண்டும்.

இதையெல்லாம் செய்து முடித்தாலும் இந்த லாரிக்கு மரியாதை தருகிற சட்டம் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதிகளைக் கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துடன் தனிப் பதிவு எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அது இரு சக்கர வாகனங்களுக்கும் சொந்த உபயோகக் கார்களுக்கும் மட்டும். சரக்கு லாரி அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த மாதமே பழைய வண்டிகளைக் கழிக்கும் திட்டமும் தொடங்கியது. ஜமீன்தார் ஏறிய கார் பாரம்பரியம். அவர் வயலில் விளைந்த பருத்தியைச் சுமந்த லாரி இரும்புக்கடை எடை. இங்கிலாந்தில் லேலண்ட் ஊரிலேயே வர்த்தக வாகனங்களுக்கென்று ஒரு மியூசியம் 1983-லிருந்து நடக்கிறது. அவர்கள் கொடுத்த வழியில் லாரி செய்து நாடு முழுவதும் ஓடவிட்ட நாம், விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘சரக்கு வாகனங்களும்’.

அதுவரைக்கும் தம்பிக்கு நான் சொல்வது இதுதான். பழைய ஆர்.சி.யைத் தொலைக்காதீர்கள். பென்சில் பிரின்ட்டைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் போட்டோ எடுங்கள். பிளேட்டையோ நட்டையோ பழசு என்று எடைக்குப் போடாதீர்கள். லைனர் வேலைக்கு பிளாக் லேத் பட்டறைக்குப் போகிறது. அது திரும்பும்வரை கேபினைப் பிரிக்கலாம். தகரத்துக்கு உள்ளே இருக்கிற மரச்சட்டத்தில் எவ்வளவு தேறும் என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)