கிராமக் கூத்தும் பள்ளிப் பிள்ளைகளும்

அறுவடை முடிந்து களங்கள் காலியானபின், கிருஷ்ணகிரி ஜில்லாவின் அநேக கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் முன்பாகப் பாரத விழா நடந்து வருவதை அங்கத்தினர்கள் யாவரும் அறிவார்கள். பகலில் பிரசங்கியார் கதை சொல்லுகிறார். இரவில் அதே கதையைக் கூத்தர்கள் ஆடிக் காட்டுகிறார்கள். வில் வளைப்பு, சூது துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒன்றாகக் கதை நடந்து, முடிவில் மண்ணாற் செய்த துரியோதனன் உருவத்தின்முன் படுகளம் நிகழ்ந்து, தீமிதியுடன் விழா நிறைவேறுகிறது. பாரத யுத்தம் 18 நாள் நடந்தமையால், பல ஊர்களில் விழாவுக்கும் 18 நாள் என்றே கணக்கு வைத்திருக்கிறார்கள். இதற்காகும் செலவை எந்தத் தனவந்தரும் தனியே ஏற்பதில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, பெரியவர்கள் கூடி வசூலித்து, முடிவில் ஊரார் முன்னிலையிற் கணக்கு வாசிப்பது வழக்கம். ஐக்கிய நாணய சங்கச் சட்டம் 1904-ம் வருஷத்தில்தான் வந்தது. கூடிப் பணம் போட்டுக் கூடி அனுபவிக்கும் முறையோ கூத்துக் களத்தில் அதற்கு முன்பே இருந்தது.

எழுத்து வாசனையே அறியாத மூதாட்டி ஒருத்தி, எந்த இரவில் கர்ணன் குந்திக்கு என்ன வாக்குக் கொடுத்தான் என்பதைத் தவறாமற் சொல்லிவிடுவாள். அவளுக்கு இதைக் கற்பித்தது எந்தப் பள்ளிக்கூடமும் அன்று. ஆண்டுக்கு ஒரு முறையாகப் பத்திருபது வருஷம் பார்த்தும் கேட்டும், விடிந்தபின் அதைப்பற்றித் தர்க்கித்தும் அவள் கற்றாள். ஆகவே, கூத்தைக் கல்விக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பது சரியான கேள்வியாகாது. அது நெடுநாளாகவே கற்பித்து வருகிறது. பள்ளிக்கூடமும் கூத்துக் களமும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஊரில் எவ்வளவு காலம் இருப்பது என்பதே கேள்வி.

கூத்தின் கல்வி எவ்விதம் நடைபெறுகிறதென்பதை அறியக் கட்டியங்காரனைக் கவனித்தாற் போதும். இவன் முதலில் வந்து சபையை வணங்கி, வரும் வேஷத்தை அறிவித்து, திரைக்குப் பின்னிருந்து தோன்றும் ராஜாவை நோக்கி, “நீர் யார், எந்த ஊர்?” என்று கேட்கிறான். ராஜா தம் பெருமையைப் பாட, அவன் பரிகாசம் செய்கிறான். புராணத்தில் நடப்பதை ஊர்ப் பேச்சில் விளக்குகிறான். ஊரில் நடப்பதைப் புராணத்தில் நுழைக்கிறான். குழாயில் தண்ணீர் வராததும், ரேஷன் கடையில் கூட்டம் நின்றதும் துரியோதனன் சபையிலேயே விசாரணைக்கு வந்துவிடும். சங்கக் கடன் கட்டாதவர் பெயரும் சில வேளை அவன் வாயில் அகப்படுவதுண்டு. உபதேசம் கேட்க விரும்பாதவனும் பரிகாசத்தைக் கேட்கிறான். வயதில் மூத்தவரையும் அதிகாரத்தில் உள்ளவரையும் ஊரார் நடுவிற் கேள்வி கேட்கலாம் என்பதை மாணாக்கன் வகுப்பிற் கற்பதரிது. கூத்துக் களத்தில் அதை ஒவ்வோர் இரவும் கண்ணாற் காண்கிறான்.

சர்க்கார் இந்தக் கலையின் உதவியை நாடியது இந்தப் பிரதேசத்தில் புதிதன்று. கிருஷ்ணகிரி, ஓசூர் தாலூகாக்கள் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி அந்த ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. அப்போது மாகாணப் பிரதம மந்திரியாயிருந்த ராஜகோபாலாச்சாரியார் ஓசூருக்கு அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்தவர். கள்ளுக்கடையை மூடிவிட்டால் மாத்திரம் போதாது, மாலை வேளையைப் போக்க ஜனங்களுக்கு வேறு வழியும் வேண்டும் என்று கண்டு, பஜனை, விளையாட்டு, நாடகம் முதலியவை அக்காலத்தில் ஊக்குவிக்கப்பட்டன. கருத்து நல்லதே. ஆயினும், மேலேயிருந்து வரும் உத்தரவினால் நடக்கும் நாடகம் அந்த உத்தரவு உள்ளவரையில்தான் நடக்கும். ஊர் வரி போட்டு நடத்தும் பாரதமோ அதற்குப்பின் எத்தனையோ ராஜாங்கங்களைக் கண்டுவிட்டது.

இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழி 1990-க்குப் பிற்பட்ட வருஷங்களில் ஏற்பட்டது. அறிவொளி இயக்கத்தின்போது, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் முதலியவர்கள் கலைப்பயணம் என்ற முறையைப் பரவச் செய்தார்கள். அந்தந்த ஜில்லாவைச் சேர்ந்த வாலிபர்களும் பெண்களும் சில நாள் கூடிப் பயிற்சி பெற்று, சிறு குழுக்களாகப் பிரிந்து, ஊர் ஊராகச் சென்று பாட்டும் குறுநாடகமும் நடத்துவார்கள். திரையில்லை, மேடையில்லை, ஜனங்கள் சூழ நின்ற இடமே அரங்கு. எழுத்தறியாதவர் வெட்கப்படாமல் கற்க வரவேண்டும் என்பதே அப்போதைய நோக்கம்.

இதே முறை, இதைவிடக் கடினமான ஒரு காரியத்திற்காகத் தர்மபுரி ஜில்லாவில் உபயோகிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி தனி ஜில்லாவானது 2004-ம் வருஷத்திலாதலால், இப்போதைய கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளும் அப்போது அதில் அடங்கியிருந்தன. சேலம், தர்மபுரி முதலிய ஜில்லாக்களில் பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமை இருந்து வந்ததும், அதன்பொருட்டு 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டதும் பலருக்கும் நினைவிருக்கும். போலீஸ் வழக்குகளால் மாத்திரம் இது நிற்கவில்லை. வீட்டுக்குள் நான்கு பேருக்கு மாத்திரம் தெரிந்து நடக்கும் காரியத்தை எந்தச் சட்டமும் எளிதில் எட்டுவதில்லை. டென்மார்க் தேசத்து உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், 1997 முதல் 1999 வரையில் தர்மபுரி ஜில்லாவில் கலைப்பயணக் குழுக்கள் கிராமங்கள்தோறும் சென்று, இவ்விஷயத்தைத் தெருவின் நடுவில் நாடகமாக ஆடிக் காட்டின. ஊரார் பேசாமல் மறைத்து வைத்திருந்ததை ஊரார் முன்னிலையிலேயே பேசும்படி ஆயிற்று. அதுவே அந்த முயற்சியின் சாரம்.

அதை ஆராய்ந்து வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் 2000-ம் வருஷத்தில் வெளியிட்ட கட்டுரையில், அந்த ஜில்லாவிற் சிசுக்கொலைகள் குறைந்தமையைக் காட்டியிருக்கிறார்கள். நாடகம் தனியே இதைச் செய்தது என்று சொல்லிவிட முடியாது. செவிலியரும் சர்க்கார் ஊழியரும் பெண்கள் சங்கங்களும் உடன் உழைத்தார்கள். ஆயினும், வாய் திறக்கச் செய்தது நாடகம். இத்தகைய விஷயத்தில் தாயைக் குற்றவாளியாக நிறுத்தும் நாடகத்தால் அணுவளவும் பிரயோஜனமில்லை. வரதட்சணை கேட்கும் சம்பந்தியும், ‘மறுபடியும் பெண்ணா?’ என்று முகம் சுளிக்கும் வீட்டாரும் மேடைக்கு வந்தாலன்றிப் பார்ப்பவன் தன்னை அங்கே காணமாட்டான்.

பெரியோருக்குக் கலைப்பயணம் செய்ததைப் பிள்ளைகளுக்கு வேறொரு வகையிற் செய்து காட்டிய ஸ்தாபனம் ஒன்று காஞ்சீபுரத்துக்கு அருகே இருந்தது. கூத்துக் குடும்பத்திற் பிறந்த பெ. ராஜகோபால் என்பவர் சுமார் 10 வயதிலேயே வேஷங்கட்டத் தொடங்கியவர். அக்காலத்துக் கூத்துப் பையன்களுக்கு இரவெல்லாம் ஆட்டம், பகலெல்லாம் உறக்கம். பள்ளிக்கூடம் தானாகவே நின்றுவிடும். வளர்ந்தபின் எழுதப் படிக்கத் தெரியாமல் ஒப்பந்தத்தில் ஏமாறுவதும், ‘கூத்தாடி’ என்ற இழிசொல்லைக் கேட்டுத் தலைகுனிவதும் அவர்கள் தலையெழுத்தாயிருந்தது. 1990-ல் கூத்துக் கலைஞர்கள் தாங்களே அங்கத்தினராகச் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் என்பதை ஸ்தாபித்தார்கள். வேஷக்காரர் புஜத்திலும் மார்பிலும் தலையிலும் அணியும், கண்ணாடி பதித்த மர ஆபரணங்களுக்குக் கட்டை என்று பெயர். அதைக் கொண்டே கட்டைக்கூத்து என்பர். இச்சங்கத்தின் முயற்சியால் 2002-ம் வருஷத்தில், காஞ்சீபுரத்துக்கு அடுத்த புஞ்சை அரசந்தாங்கலில், கட்டைக்கூத்துக் குருகுலம் திறக்கப்பட்டது. இதில் ராஜகோபாலுக்குத் துணையாயிருந்தவர் அவருடைய மனைவியாரும் கூத்தைப்பற்றி ஆராய்ச்சி செய்தவருமான ஹாலந்து தேசத்து ஹன்னே டி ப்ருயின்.

குருகுலத்தில் ஏழைக் கிராமப் பிள்ளைகள் தங்கி, சாதாரணப் பள்ளிப் பாடங்களையும் கூத்தையும் ஒருங்கே கற்றார்கள். கூத்தா, படிப்பா என்று ஒன்றைக் கைவிடும் நிர்ப்பந்தம் பிள்ளைக்கு இருக்கக்கூடாது என்பதே அதன் கொள்கை. கூத்துப் பயிற்சி என்பது வேடிக்கையன்று. பாட்டும் வசனமுமாகப் பெரும் பகுதியை மனப்பாடம் செய்யவேண்டும். விடியும்வரை கடைசி வரிசைக்கும் எட்டும்படி குரலை உயர்த்தவேண்டும். பாடிக்கொண்டே அடவு தவறாமல் சுழலவேண்டும். ஆதி தாளத்துக்கு 8, மிச்ர சாபுவுக்கு 7, கண்ட சாபுவுக்கு 5 என்று கால் எண்ணிப் பழகிய பிள்ளைக்கு, பின்னக் கணக்கு அவ்வளவு பயங்கரமாயிராது. மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை ஆகியவற்றை வாசிப்போரும் பின்பாட்டுக்காரரும் ஒருவரையொருவர் கவனித்தாலன்றி ஆட்டம் நிற்காது. இவ்வளவையும் தாண்டி, எதிரே நிற்பவன் வசனம் மறந்தால் அவனைக் காப்பாற்றிக் கதையை நடத்திச் செல்லும் சாமர்த்தியமும் வேண்டும். எந்தப் பரீட்சையிலும் இதற்கு மார்க்கு இல்லை.

இன்னொரு காரியத்தையும் குருகுலம் துணிந்து செய்தது. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கலையில், பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்றுவித்து, திரௌபதியாக மாத்திரமன்றி, ஆரவாரமான கட்டை வேஷங்களிலும் அவர்களை ஆடவைத்தது. மலையோரத்துச் சில ஊர்களில் பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி, 18 வயது நிரம்புமுன்னரே விவாகம் பேசும் வழக்கம் இன்னும் ஒழியாத இந்த ஜில்லாவுக்கு, இது முக்கியமான செய்தி. ஊர் நடுவில் துரியோதனனாக நின்று உறுமிய சிறுமியை, அவளைக் கேளாமல் ஒரு மூலையில் உட்கார வைப்பது அவ்வளவு எளிதாகாது.

குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. 18 வருஷம் நடந்த பள்ளி நின்றுபோனது வருந்தத்தக்கதே. அங்கே பயின்றவர்களிற் பலர் கூத்தராக இருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். வெளி நன்கொடையைப் பெரிதும் நம்பி நிற்கும் விடுதிப் பள்ளியை ஊர்தோறும் ஸ்தாபிக்க இயலாதென்பது வெளிப்படை. ஆனால் அதன் முறையை ஊர்தோறும் கைக்கொள்ளலாம். எல்லைக்கு அப்பால் ஷிமோகா ஜில்லாவிலுள்ள ஹெக்கோடு என்னும் சிறு கிராமத்தில், 1949-ல் பாக்கு விவசாயிகள் முதலானோர் சேர்ந்து ஆரம்பித்த நீநாசம் என்ற நாடக சங்கம் இன்றும் நடக்கிறது. கே. வி. சுப்பண்ணா வளர்த்த அச்சங்கம் 1980-ல் நாடகப் பள்ளியையும், 1985-ல் ஊர் ஊராகச் செல்லும் திருகாட்டா என்ற குழுவையும் ஏற்படுத்திக்கொண்டது. ஊராரே உரிமையாளராயிருப்பதில் உள்ள வலிமையை அங்கே காணலாம்.

ஓசூர்ப் பகுதிக்குத் தனியான சில சங்கடங்கள் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல் ஜனங்களின் இரவு மாறிவிட்டது. தகப்பன் ஒரு முறையிலும் தாய் வேறொரு முறையிலும் ஆலைக்குப் போகும் வீட்டில் விடியும்வரை கூத்துப் பார்ப்பவர் யார்? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகளும் அநேகர். வட தேசத்திலிருந்து வேலைக்கு வந்தோரின் பிள்ளைகளும் இப்போது அவர்களோடு உட்காருகிறார்கள். இப்பிள்ளைகளுக்குக் கூத்து தடையாவதற்குப் பதில் துணையே ஆகும். வீட்டு மொழியிற் கேட்ட பாரதக் கதையையே இங்கும் காண்பதால், சொல் புரியாவிட்டாலும் பொருள் புரிகிறது. கட்டியங்காரன் இரண்டு மூன்று பாஷைகளில் பேசினால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அவனுக்கு இலக்கணம் கிடையாது.

ஆகவே, விழாவுக்கு வரும் கூத்து வாத்தியாரைப் பகல் வேளையில் இரண்டொரு மணி நேரம் பள்ளிக்கு அழைத்து, ஒரு சிறு கதையைப் பிள்ளைகளுக்குப் பயிற்றுவிக்கச் செய்யலாம். கட்டைகளை அட்டையில் வெட்டி ஒட்டுவது முதல் கட்டியங்காரனின் வசனத்தை எழுதுவது வரை பிள்ளைகளே செய்யவேண்டும். உபாத்தியாயர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது கூத்தாகாது. அரங்கேற்றத்தை ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால், இரவு முறைக்குப் போகிறவர்களும் பார்த்துவிட்டுப் போவார்கள். பரீட்சை மாதங்களைத் தவிர்ப்பது அவசியம்.

செலவு பெரிதன்று. துணைவிதி இடங்கொடுக்கும் அளவில், பொதுச்சபையின் சம்மதம் பெற்று, லாபத்தில் பொது நன்மைக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து இதற்கு உதவலாம். மீதியை ஊரார் பழைய வழக்கப்படி வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டுக்கொள்வதே நல்லது. பணம் போட்டவன்தான் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பான். கூத்து வாத்தியாரின் சம்பளம், வண்டிச் சத்தம், குழுவினரின் சாப்பாடு ஆகியவற்றை முன்னதாகவே பேசி, தீர்மானப் புஸ்தகத்தில் எழுதி, அவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும். கூத்தருக்குச் சேரவேண்டிய பணத்தை ‘நாளைக்கு’ என்று சொல்லி அனுப்பிய ஊருக்கு அடுத்த வருஷம் நல்ல குழு வருவதில்லை.