தாத்தாவின் ஹெரால்டு வாலைச் சுழற்றியது ஏன்?

மோட்டார் வண்டியின் கோளாற்றைப் பற்றிப் பெண் பிள்ளைகள் எழுதுவதா என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். எங்கள் வீட்டில் அந்த வியப்பு சென்ற கார்த்திகை மழையோடு தீர்ந்துவிட்டது.

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தாத்தா ஓட்டினார். அம்மா முன் இருக்கையில். அக்காள் தங்கை நாங்கள் இருவரும் பின்னால். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரி ஒன்று முன்னே போய்க்கொண்டிருந்தது. வளைவின் நடுவில் அது வேகத்தைக் குறைக்கவே, தாத்தா ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தார். அவ்வளவுதான். வண்டியின் பின்புறம் முன்புறத்தை முந்தப் பார்ப்பதுபோல் வெளியே சுழன்றது. வண்டி நின்றபோது மீஞ்சூரை நோக்கி நின்றது; ஒரு முழத் தூரத்தில் ஒரு சவுக்கு மரம். யாருக்கும் காயமில்லை. ஆனால் அம்மா, “இனி என் பிள்ளைகள் இந்த வண்டியில் ஏறமாட்டார்கள், மாமா” என்று சொல்லிவிட்டார்கள். அப்பா காயலான் கடையில் விலை விசாரித்தார்கள். தாத்தா மட்டும் ஒன்றும் பேசவில்லை. அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

வண்டி என்ன வண்டி என்று சொல்லவில்லையே! அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியச் சகோதரி. இத்தாலிய நாட்டு மிச்செலோட்டி என்பவர் அதன் உருவத்தை வரைந்தார். 1961 முதல் அதனை நம் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். 948 சி.சி. எஞ்சின். இன்று வண்டலூரையும் மீஞ்சூரையும் வெளிவட்டச் சாலை இணைக்கிறது. ஆக, அது பிறந்த ஊர் சாலையின் ஒரு கோடியில். அது கிட்டத்தட்ட மரத்தில் மோதவிருந்த இடம் மறு கோடிக்கு அப்பால்.

“ஹெரால்டு என்றாலே வளைவில் கவிழும்” என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்புக் கூறினர். இதில் ஓரளவு உண்மை உண்டு. அம்பாசடர் போன்ற வண்டிகளில் இரு பின்சக்கரங்களும் ஒரே விறைப்பான அச்சில் இருக்கும். ஹெரால்டில் அப்படியில்லை. நடுவில் உள்ள டிஃபரென்ஷியலிலிருந்து இரண்டு அரை அச்சுகள் பக்கத்துக்கு ஒன்றாகக் கிளம்புகின்றன. கதவு கீலில் ஆடுவதுபோல் ஒவ்வொன்றும் உட்புற நுனியில் மட்டுமே மடங்கும். ஆகவே சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறுகிறது. பள்ளம் மேட்டில் இது சுகம், வளைவில்தான் சங்கடம். வளைவில் வெளிப்புறச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அரை அச்சின் வழியாக வண்டியின் பின்புறத்தை மேலே தூக்கப் பார்க்கிறது. அந்த வேளையில் ஆக்சிலேட்டரை விட்டால் பாரம் முன்னே சாய்ந்து, பின்புறம் இன்னும் எழும்பும். உடனே சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கி, டயர் தன் ஓரத்தில் மட்டும் நிற்கும். பிடிமானம் போய்விடும்.

இந்த அமைப்பு உலகம் முழுவதும் பேச்சுக்கு ஆளானதுதான். அமெரிக்காவின் செவ்ரலே கார்வேர் வண்டியிலும் முதல் சில ஆண்டுகள் இதே வகை அச்சுதான். அதற்கு முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு காற்று என்று வேறுபடுத்திப் பிடிக்க வேண்டும். பலர் நான்கிலும் ஒரே அளவாகப் பிடித்துவிட்டு வண்டியைத் திட்டினார்கள். ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புத்தகத்தில் திட்டு வாங்கியது வண்டியைச் செய்தவர்கள்! நம் ஊரில் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் வண்டியில் விறைப்பான அச்சுக்கே திரும்பிவிட்டார்கள்.

ஆனால் எங்கள் மனத்தில் ஒரு கேள்வி. இதே வண்டியில் தாத்தா பல ஆண்டுகள் எங்களையும் அப்பாவையும் ஏற்றிச் சென்றிருக்கிறாரே, அப்போதெல்லாம் சுழலாதது இப்போது ஏன் சுழன்றது? அமைப்பு மாறவில்லை என்றால் வேறெதுவோ மாறியிருக்க வேண்டும். அப்பாவிடம் மூன்று வாரத் தவணை வாங்கினோம். பொன்னேரியில் ஹெரால்டுகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களுக்கு ஆசிரியரானார். அவர் சொன்ன முதல் விதி, செலவில்லாததை முதலில் பார் என்பது.

எனவே டயரிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. முன் டயர்கள் புதியவை, ரேடியல் வகை. பின் டயர்களோ பத்து வயதைத் தாண்டிய பழைய கிராஸ்பிளை! “புதியதை முன்னால் போடு” என்று யாரோ சொல்ல, தாத்தா கேட்டிருக்கிறார். ரேடியல் டயர் வளைவில் அதிகம் பிடிக்கும். முன்னது பிடித்துக்கொள்ள, பின்னது வழுக்கினால் வண்டி சுழலாமல் என்ன செய்யும்? பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஷாக் அப்சர்பரைச் சோதிக்க வண்டியின் மூலையை அழுத்தி விட்டோம். ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது; வலப்புறப் பின்மூலை தொட்டில்போல் ஆடியது. முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்துச் சக்கரத்தை அசைத்துப் பார்த்ததில் ஆட்டமில்லை. அங்கே கீழ்மூட்டில் வெண்கலத்தில் மறை போட்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் ஆயில்தான் விட வேண்டும். தாத்தா அதைத் தவறாமல் செய்திருந்தார் என்று பெரியவர் பாராட்டியபோது, தாத்தாவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம்.

பெரிய குற்றவாளியைக் கண்டுபிடித்தது கொத்தனாரின் தூக்குக்குண்டு. பின்சக்கரத்தின் மேல்புறமிருந்து அதைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சக்கரத்து விளிம்புக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்தோம். 350 மில்லிமீட்டர் உயரத்தில் 18 மில்லிமீட்டர் வேறுபாடு. பத்தாம் வகுப்புக் கணக்குதான்: 18-ஐ 350-ஆல் வகுத்து, டேன்ஜென்ட் அட்டவணையைப் பார்த்தால் மூன்று பாகைக்குச் சற்றுக் குறைவு. சக்கரத்தின் தலை வெளியே, கால் உள்ளே. எந்த மடங்கலுக்கு அஞ்ச வேண்டுமோ அதில் பாதியை வண்டி நிற்கும்போதே செய்துகொண்டிருந்தது!

காரணம், பின்புறத்துக் குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட் கூடுதல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில், “நம்ம ரோட்டுக்கு இது தாங்காது” என்று சேர்த்திருக்கிறார்கள். பலம் சேர்க்கிறோம் என்று எண்ணிப் பின்புறத்தைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். எங்கள் இருவரின் எடை அந்த ஸ்பிரிங்குக்கு ஒரு பொருட்டே இல்லை. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வண்டியில் 1970-இல் ஸ்பிரிங்கின் அடிப் பிளேட்டை மட்டும் இறுக்கி, மற்றவற்றை ஆடவிட்டு, வளைவில் அதன் விறைப்பைக் குறைத்தார்கள். வாலிபத்தில் சோழவரம் விமான ஓடுதளத்துக் கார்ப் பந்தயங்களில் ஹெரால்டுகளைப் பார்த்தவர் எங்கள் தாத்தா. “அங்கே ஓடிய வண்டிகளின் பின்பக்கம் தாழ்ந்து இருக்குமே! எனக்குத் தோன்றவில்லையே” என்று வருந்தினார்.

பெரியவர் தம் மேற்பார்வையில் கூடுதல் பிளேட்டுகளைக் கழற்றுவித்தார். (அந்த ஸ்பிரிங் இறுக்கத்தில் இருப்பது, தெரியாதவர் தொட்டால் கையை முறித்துவிடும். எங்களைப் பத்தடி தள்ளி நிற்க வைத்தார்.) பின் ஷாக் அப்சர்பர்கள் இரண்டும், நான்கும் ஒரே வகை டயர்களும் மாற்றினோம். மறுபடி குண்டைத் தொங்கவிட்டபோது சக்கரத்தின் தலை ஒரு பாகையளவு உள்ளே சாய்ந்திருந்தது. காலி மைதானத்தில் அப்பா வட்டமடித்துப் பார்த்தார்கள். நடுவட்டத்தில் காலை எடுத்தபோது வண்டி சற்றுத் திமிறியது, சுழலவில்லை. திமிறல் முழுவதும் போகாது, அது அதன் பிறவிக்குணம் என்றார் பெரியவர். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலை அசைக்காமல் போக வேண்டும்.

“அன்று என் காலும் தப்புச் செய்தது, அம்மா” என்று தாத்தா மருமகளிடம் சொன்னார். மழை நாளில் சாவி அப்பாவிடம் என்பது அவராகவே சொன்ன ஏற்பாடு. அம்மா இரண்டு மாதம் கழித்து மீஞ்சூர்ச் சந்தைக்கு அதில் போனார்கள், போகும்போது மட்டும். திரும்பியது பேருந்தில். தூக்குக்குண்டு இன்னும் வண்டிக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அளந்து நோட்டில் குறிக்கிறோம்.