குன்றிமணி

திருவனந்தபுரத்தின் வலியசாலையில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் ‘குண்டுமணி’ என்று சொல்லும் விதையை மலையாளிகள் ‘குன்னிக்குரு’ என்பர். இலக்கியத் தமிழில் அதன் பெயர் குன்றி. தமிழின் ஒன்று, மூன்று ஆகியன மலையாளத்தில் ஒன்னு, மூன்னு என ஒலிப்பது போலவே குன்றியும் குன்னி ஆயிற்று. ‘குரு’ என்றால் அம்மொழியில் விதை.

குன்றி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. வேலிகளையும் புதர்களையும் பற்றிப் படரும். இலைகள் புளிய இலையை ஒத்தவை; பூக்கள் சிறியவை, வெளிர் ஊதா நிறத்தவை. அவற்றை எவரும் நின்று பார்ப்பதில்லை. காய் முற்றி உலர்ந்து வெடித்த பிறகே கொடி கண்ணில் படும். விதைகள் உடனே உதிராமல், சுருண்ட தோட்டிலேயே செக்கச்செவேல் என ஒட்டி நிற்கும். ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. புறத்தில் செம்மையும் அகத்தில் கருமையும் கொண்ட போலித் துறவியருக்கு வள்ளுவர் 277ஆம் குறளில் இவ்விதையையே உவமை ஆக்கினார்.

பொற்கொல்லர் பொன்னை நிறுக்க இதனையே எடையாகக் கொண்டனர். ஒரு குன்றிமணி ஏறத்தாழ ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு. “வீட்டில் குண்டுமணித் தங்கம்கூட இல்லை” என்னும் பேச்சு அவ்வழியே வந்தது. விநாயகர் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்களாவதும் இவ்விதையே. குருவாயூர்க் கோயிலிலோ உருளி நிறையக் குன்னிக்குரு வைத்திருப்பர். குழந்தைகள் இரு கைகளாலும் அள்ளி அள்ளி விளையாடுவர்.

இத்தனை அழகுக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. அதன் பெயர் அப்ரின். உடலின் உயிரணுக்கள் புரதம் உண்டாக்குவதை அது தடுத்துவிடும்; அதற்கு முறிமருந்து இல்லை. எனினும் கையில் அள்ளும் குழந்தைக்குத் தீங்கு நேர்வதில்லை. விதையின் மேலோடு மிகக் கடினமானது. முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். மென்றாலோ, ஓட்டில் கீறலோ துளையோ இருந்தாலோ நஞ்சு உடலில் கலக்கும். எவ்வாறு விழுங்கியிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

மணியாகக் கோப்பதற்கு விதையைத் துளையிடுதல் வேண்டும்; இடர் அங்கேதான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஈடன் திட்டம் என்னும் தாவரப் பூங்கா இவ்விதைகளாலான கைவளையல்களை விற்றது. நஞ்சு பற்றிய செய்தி தெரியவந்ததும், 2011ஆம் ஆண்டில், விற்ற வளையல்களைத் திருப்பித் தருமாறு வாங்கியவர்களைக் கேட்டுக்கொண்டது.