உங்களுக்குத் தெரியுமா? வெண்பனியைச் சிவக்க வைக்கும் நுண்ணுயிர்

1818ஆம் ஆண்டில், வட அமெரிக்காவின் வடபுறமாகப் பசிபிக் சமுத்திரத்துக்கு வழி தேடிப் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ராஸ், கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையோரக் குன்றுகளில் படிந்திருந்த பனி செக்கச்செவேலென்று இருக்கக் கண்டு ஆச்சரியமுற்று, அதில் சிறிது எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். விண்கல்லின் இரும்பே அச்செந்நிறத்துக்கு ஹேதுவென்று அந்நாளில் ஊகித்தவர்களும் உண்டு. உண்மையில் அது ஒரு சூட்சுமமான பாசியின் வேலை.

கிளாமிடோமோனஸ் நிவாலிஸ் என்று தாவர சாஸ்திரிகள் பெயரிட்ட இப்பாசி, குளிர்காலம் முழுவதும் பனிக்கடியில் நித்திரையிலிருந்து, வசந்தத்தில் பனி கசியத் தொடங்கியதும் விழித்து, பச்சை வர்ணம் கொண்ட உயிரணுவாகி, இரண்டு மெல்லிய இழைகளை அசைத்தவண்ணம் பனித்துகள்களின் இடையேயுள்ள நீரில் வெளிச்சத்தை நாடி மேலே நீந்தி வருகிறது. கோடைச் சூரியனின் கிரணங்கள் உக்கிரமாகும்போதோ, நீந்துவதை நிறுத்தி, தடித்த சுவருடைய உருண்டையாக மாறி, அஸ்டாசாந்தின் என்னும் செந்நிறப் பொருளைத் தன்னுள் நிரப்பி, அதையே வெயிலுக்குக் குடையாகக் கொள்கிறது. சால்மன் மீனின் தசைக்குச் செம்மை அளிப்பதும் இதே பொருள்தான்.

சிவந்த பனி, வெண்பனியைக் காட்டிலும் அதிக வெயிலைக் கிரகித்து விரைவில் உருகுகிறது. ஆர்க்டிக் பனியாறுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின்படி, உருகும் பருவம் ஒன்றில் இப்பாசியால் பனியின் ஒளி பிரதிபலிக்கும் சக்தி 13 சதவிகிதம் குறையக்கூடும்.